பாடு நாளில் சுரைக்காய்ச் சோறு

முடிச்சு நிற்கவில்லை.

மார்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு, வலையின் மேல்கயிற்றைச் சவுக்குக் கழியில் சுற்றி, நுனியை உள்ளே கொடுத்து இழுக்கிறேன். இழுத்ததும் பிரிந்துவிடுகிறது. மறுபடி சுற்றுகிறேன். மறுபடி பிரிகிறது. தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தின் கிரேன்கள் மங்கலாகத் தெரிகின்றன. அவை ஒன்றன் பின் ஒன்றாக நடந்துகொண்டிருக்கின்றன. கிரேன் நடக்காது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் நடக்கின்றன.

எங்கள் படகில் நான் போட்ட முடிச்சை யாரும் இழுத்துப் பார்ப்பதில்லை. மற்றவர் கட்டிய கழிகளைப் படகின் தலைவன் வரதன் ஒவ்வொன்றாக உலுக்கிப் பார்ப்பான். என் கழி வந்ததும், "ஏழுமல கட்னதா? வுடு" என்று தாண்டிப் போவான். அவன் என் பங்காளி, என் வயதுக்காரன். வாயால் யாரையும் புகழ்ந்து நான் கேட்டதில்லை. அந்த "வுடு" ஒன்றுதான் அவனிடமிருந்து எனக்குக் கிடைத்த பட்டம்.

அன்று அந்த முடிச்சு நிற்கவில்லை. அன்று எங்களுக்குப் பாடு.

எங்கள் முறை

தொடரை நடுவில் படிக்க வந்தவர்களுக்காக ஒரு விளக்கம். பழவேற்காடு ஏரி பெரிது. ஆனால் கடல் ஓதம் இறங்கித் தண்ணீர் வற்றும்போது இறால் கடலை நோக்கி ஓடும் வழிகள் சில இடங்களில்தான் இருக்கின்றன. அந்த இடங்களில் யார் எந்த நாளில் வலை கட்டுவது என்று ஊர் கூடி முறை வைக்கும். அந்த முறைக்குப் பெயர்தான் பாடு. உங்கள் நாளில் நீங்கள் இறங்காவிட்டால் அது போனதுதான். அடுத்தது சுற்றி வரும்வரை கரையில் உட்கார்ந்து வலை தைக்கலாம்.

ஒரு வீட்டின் பெயர் இந்த முறையில் நிலைக்க வேண்டுமானால் அந்த வீட்டு ஆண் ஒருவன் தண்ணீரில் இறங்க வேண்டும். எனக்கு ஒரே மகள், சுமதி. மீஞ்சூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். என் கால் தண்ணீரில் இறங்கும்வரைதான் எங்கள் வீட்டுக்குப் பாடு.

இடி அந்தக் காலில்தான் விழுந்தது. சேற்றில் கிடந்த சிப்பி கிழித்து, வலது கால் பெருவிரலில் வந்த புண்ணைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். மஞ்சள் வைத்தோம், களிம்பு தடவினோம். புண் பெரிதானதே தவிர ஆறவில்லை. சுமதி வந்து கையோடு மீஞ்சூருக்கு அழைத்துப் போனாள். ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"சுகரை இவ்வளவு ஏத்தி வெச்சுக்கிட்டு ஏரியில இறங்கறீங்களா? முதல்ல விரல் போகும், அப்புறம் பாதம் போகும். மாத்திரை தர்றேன். ஆனா மாத்திரை மட்டும் போதாது. சோறு, எண்ணெய், இனிப்பு மூணையும் குறைங்க. எடையும் இறங்கணும்."

திரும்பும் வழி முழுக்க நான் விரலை நினைத்துக்கொண்டு வந்ததாக சுமதி எண்ணிக்கொண்டாள். நான் நினைத்தது பாடு வரிசையில் இருக்கும் எங்கள் வீட்டுப் பெயரை.

தட்டில் நடந்த மாற்றங்கள்

சுமதி கெட்டிக்காரி. வேண்டாம் என்று ஒன்றையும் சொல்லவில்லை. "நைனா, உனுக்குப் புடிச்சத நான் எதுக்குப் புடுங்கணும்? அது மாதிரியே வேற ஒண்ணு வெக்கறேன். நாக்கு ஏமாந்தா போதும்" என்றாள்.

அப்படித்தான் மாற்றினோம். மடவை மீனை எண்ணெயில் வறுப்பது நின்றது. மசாலா தடவி, வாழையிலையில் சுற்றி, தோசைக்கல்லில் மூடிபோட்டு வேகவைத்தோம். எண்ணெய் மிதக்கும் இறால் தொக்குக்குப் பதில் புடலங்காயில் கொஞ்சம் இறால். நண்டு மசாலாவுக்குப் பதில் நண்டு ரசம். அது உண்மையிலேயே நன்றாக இருந்தது. சாயங்காலம் டீக்கடைப் போண்டாவுக்குப் பதில் வீட்டுச் சுண்டல். டீயில் சர்க்கரைக்குப் பதில், சட்டைப் பொத்தான் அளவில் வெள்ளை மாத்திரை. சின்ன டப்பாவை அழுத்தினால் ஒன்று வெளியே விழும். சர்க்கரையைவிட அதிகமாகவே தித்திக்கும்.

பெரிய மாற்றம் சோற்றில். சுரைக்காயைத் துருவி, பிழிந்து, ஆவியில் உதிரியாக வேகவைத்துச் சோறு மாதிரியே தட்டில் குவிப்பாள் என் மனைவி தேசம்மாள். கண் அதை நம்பிவிடும். வாயில் போட்டதும் தண்ணீராகிவிடும். அதன் மேல் மீன் குழம்பை ஊற்றினால் குழம்பு நிற்காமல் தட்டின் ஓரத்துக்கு ஓடும். முதல் நாள் நான் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாய்யா மொறைக்கிற? துன்னு. உன் வெரல நெனச்சிக்கினு துன்னு" என்றாள் தேசம்மாள்.

தின்றேன். ஒன்றை ஒழுங்காகச் செய்வதென்று முடிவெடுத்தால் நான் நடுவில் விடுவதில்லை. பக்கத்து வீட்டில் மீன் வறுக்கும் வாசனை வந்தால் எழுந்து ஏரிப்பக்கம் போய்விடுவேன். டீக்கடையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்காருவேன். டாக்டரம்மா கொடுத்த மாத்திரையும் சாப்பாடும் நேரம் தப்பாது. மழை முடிந்து வாடைக்காற்று நின்றபோது புண் ஆறி, விரலில் புதுத்தோல் பளபளத்தது. அரைஞாண் கயிறு தொளதொளத்துப் போய், தேசம்மாள் அதை இறுக்கி முடிந்துவிட்டாள். டாக்டரம்மா புது ரத்தப் பரிசோதனையைப் பார்த்து, "பரவாயில்லையே!" என்றார்.

இவ்வளவும் கரையில் நடந்தது என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை. அந்த மாதங்களில் எங்களுக்குப் பாடு இல்லை. நான் நிழலில் உட்கார்ந்து வலை தைத்துக்கொண்டிருந்தேன். வலை தைக்கிறவனுக்குச் சுரைக்காய் போதும்.

ஒரே குண்டான்

பாடு நாளில் எங்கள் படகுக்கு ஒரே குண்டான். ஒவ்வொரு முறையும் ஒரு வீட்டிலிருந்து கஞ்சி வரும். ஆறு பேரும் அதிலிருந்துதான் குடிக்க வேண்டும். தொட்டுக்கொள்ளச் சுட்ட கருவாடு. எல்லோரும் குடித்து முடித்த பிறகுதான் தண்ணீரில் கால். எனக்குத் தெரிந்து இதை யாரும் மாற்றியதில்லை.

நான் மாற்றினேன். அந்தப் பாடு நாளுக்கு முந்தின நாள் வரதன் வீட்டுக்குப் போய், "நாளைக்கு எனக்குக் கஞ்சி வேணாம். நான் டப்பா எடுத்தாறேன்" என்றேன்.

வரதன் வலைக்கு ஈயக்குண்டு கோத்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. "எறங்கற தண்ணி ஒண்ணு. துன்றது ரெண்டா?"

"டாக்டரு சொல்லிக்கீறாங்க."

"டாக்டரு பாடுக்கு வராங்களா?" என்றான். பிறகு உள்ளே திரும்பி மனைவியிடம், "நாளைக்கு அஞ்சு பேருக்குக் காச்சு" என்றான். அந்த முறை கஞ்சி அவன் வீட்டிலிருந்து.

காலையில் தேசம்மாளும் கேட்டுப் பார்த்தாள். "இன்னிக்கு ஒரு நாள் கஞ்சி குடிய்யா. நாளெல்லாம் தண்ணில நிக்கப் போற."

"ஒரு நாள் உட்டா ரெண்டு நாள் உடுவேன்" என்று சொல்லிவிட்டு, வழக்கமான நேரத்தில் டாக்டரம்மா கொடுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சுரைக்காய்ச் சோறும் புடலங்காயும் அடைத்த டப்பாவை எடுத்துக்கொண்டேன். அவள் வாசல்வரை வந்து, தன் தம்பி கஜாவைத் தனியாக அழைத்து ஏதோ சொன்னாள். கஜாவும் எங்கள் படகுதான். அவள் என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

படகில் ஐந்து பேர் குண்டானைச் சுற்றிக் குந்தினார்கள். நான் பின்முனையில் தனியாக உட்கார்ந்து டப்பாவைத் திறந்தேன்.

"மாமா, இன்னா இது? ஆட்டுக்கு வெக்கறத மாத்தி எடுத்தாந்துட்டியா?" என்றான் கஜா.

எல்லோரும் சிரித்தார்கள். வரதன் மட்டும் சிரிக்காமல் குண்டானைக் கவிழ்த்து ஏரித் தண்ணீரில் அலசினான். அளவாகக் காய்ச்சிய கஞ்சி. அடியில் ஒரு பருக்கை மிஞ்சவில்லை.

கஜா சொன்னபடி

இதற்கு மேல் எனக்கு நினைவு துண்டு துண்டாகத்தான் இருக்கிறது. கஜா சொன்னதை வைத்து எழுதுகிறேன். அவன் எதையும் இரட்டிப்பாகச் சொல்கிறவன் என்பதால் பாதியைக் கழித்திருக்கிறேன்.

கழிகளை நட்டு முடிப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது. சேற்றில் ஒவ்வொரு கழியையும் உடம்பின் முழு பாரத்தோடு ஆட்டி ஆட்டி இறக்க வேண்டும். எனக்கு வேர்த்திருக்கிறது. கழுத்துவரை நனைந்தவனுக்கு வேர்வை எப்படித் தெரியும்? பசிக்கவும் இல்லை. கை மட்டும் என்னுடையதாக இல்லை.

கஜா கயிற்றை நீட்டியபோது, தாமதமாக நீட்டினான் என்று அவனை ஒரு வார்த்தை திட்டினேனாம். அந்த வார்த்தையை இங்கே எழுத முடியாது. என் வாயில் அதைக் கேட்டவர் ஊரில் யாரும் இல்லை. கஜா கயிற்றைப் பிடித்தபடி அப்படியே நின்றானாம். பிறகு நான் கிரேன்களைப் பார்த்துச் சிரித்தேனாம்.

அப்போதுதான் வலையின் ஓரம் அவிழ்ந்து மிதந்தது. என் கழி. என் முடிச்சு. தண்ணீர் வற்றத் தொடங்கிவிட்டது. வலை திறந்து கிடந்தால் இறால் அந்த வழியாகவே போய்விடும்.

வரதன் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வந்தான். என் முகத்தைப் பார்த்தான்.

"போட்டுக்கினு வந்துட்டியா?"

நான் சிரித்தேன்.

"டேய் ஏழுமல. பாடுல குடிச்சிட்டு எறங்குனா இன்னா ஆகும்னு உனுக்குத் தெரியாது? உன் பேர எடுத்துடுவாங்கடா."

அது எங்கள் ஊர்க் கட்டுப்பாடு. ஒருவன் குடித்துவிட்டு இறங்கினால் கழி சாயும், வலை அவிழும், மற்றவர் உயிருக்கும் ஆபத்து. அப்படிப்பட்டவனின் பெயர் வரிசையிலிருந்து போய்விடும். பிள்ளை இருந்தால் பிள்ளை பெயரில் திரும்பக் கேட்கலாம். எனக்குக் கேட்க ஆளில்லை.

கஜா என் தாடையைப் பிடித்து வாயை மோந்து பார்த்திருக்கிறான். "இல்ல வரதண்ணே. சரக்கு வாடயே இல்ல. சொரக்கா வாடதான் வருது."

"அப்பறம் எதுக்கு இளிக்கிறான்?"

அந்தக் கேள்வி முடிவதற்குள் என் முழங்கால் மடங்கியிருக்கிறது. தலை தண்ணீருக்குள் போய்விட்டது. இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிப் படகில் போட்டார்கள். சட்டை இல்லாத உடம்பு, உச்சி வெயில், ஆனால் மீன் ஐஸ் பெட்டியைத் தொட்டது போல் இருந்ததாம்.

காலையில் தேசம்மாள் தன்னிடம் சொன்னது கஜாவுக்கு அப்போதுதான் உறைத்தது. "வேர்த்துக் கொட்டி, கை நடுங்குனா வாய்ல சக்கர போடு." என் பையைக் கவிழ்த்தான். வெள்ளை மாத்திரை டப்பா கிடைத்தது. நான் டீயில் போடுவதைத் தினமும் பார்த்திருக்கிறான். நாலைந்தை அழுத்தி எடுத்து என் நாக்கின் அடியில் திணித்தான்.

காத்திருந்தார்கள். நான் கண் திறக்கவில்லை. இன்னும் நாலைந்து திணித்தான். அப்போதும் ஒன்றுமில்லை. என் உதடு வெளுத்துக்கொண்டே போயிற்றாம். கழி ஊன்றிப் படகைத் தள்ளினால் கரைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

கஜா பிளாஸ்டிக் பைக்குள்ளிருந்து போனை எடுத்து அக்காவை அழைத்தான்.

"யக்கா, நீ சொன்னா மாதிரியே ஆயிடுச்சி. சக்கர குடுத்துட்டேன். அப்டியே கெடக்கறாரு."

"இன்னா சக்கர?"

"டப்பால இருக்குமே, சக்கர மாத்திர. பத்து போட்டுட்டேன்."

"அய்யய்யோ, அதுல சக்கரையே இல்லடா! வாய்க்குத் தித்திக்கும், அவ்ளோதான். ஒடம்புக்கு ஒண்ணுமே போவாது. நெஜ சக்கர குடுடா! வெல்லம், பழம், எதுனா குடு. ஜல்தி!"

மஞ்சள் துணி

படகில் இருந்தவை: கருவாடு, உப்பு, தண்ணீர்க் குடம், புகையிலை, கழுவிக் கவிழ்த்த குண்டான். இனிப்பு என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. எல்லோருக்கும் அது எங்கே இருக்கிறது என்று தெரியும். 

பாடு நாளில் கிளம்பும்போது தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, ஒரு வெல்லக் கட்டியை மஞ்சள் துணியில் முடிந்து படகின் முன்முனையில் கட்டுவோம். அது அம்மனுக்கு. முதல் வலை தூக்கிய பிறகு தலைவன் அவிழ்த்து ஆளுக்கு ஒரு துண்டு கொடுப்பான். அதற்கு முன் அந்த முடிச்சில் கைவைத்தால் அந்தப் பாடு முழுக்க வலை வெறும் வலைதான் என்று எல்லோரும் நம்புகிறோம். நானும்தான். வரதன் எல்லோரையும்விட அதிகமாக நம்புகிறவன். ஒருமுறை அந்தத் துணியில் காகம் உட்கார்ந்ததற்கே படகைத் திருப்பிக் கரைக்குக் கொண்டுபோய் மறுபடி பூசை போட்டவன்.

கஜா சொல்கிறான்: "வரதண்ணன் அம்மன் துணிய ஒருவாட்டி பாத்துச்சு, உன் மூஞ்ச ஒருவாட்டி பாத்துச்சு. முடிச்சு ஈரத்துல எறுகிக் கெடந்துது. பல்லால கிழிச்சிடுச்சி மாமா."

வரதன் வெல்லத்தைப் படகின் விளிம்பில் குத்தி உடைத்து, உள்ளங்கையில் தண்ணீர் விட்டுக் குழைத்து, என் கன்னத்தின் உட்புறம் விரலால் தேய்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். "முழுங்குடா, முழுங்குடா" என்று அதட்டிக்கொண்டே.

எனக்கு முதலில் திரும்பி வந்தது ருசி. வெல்லம், கற்பூரப் புகை, கொஞ்சம் சேறு. அந்த ருசி எனக்குத் தெரியும். அது எப்போது வாய்க்கு வரும் என்பதும் தெரியும். கண்ணைத் திறந்தேன். வரதனின் தாடியில் மஞ்சள் நூல் ஒட்டிக்கொண்டிருந்தது.

"மொத வல தூக்கியாச்சா? எவ்ளோ வுழுந்துது?" என்று கேட்டேன்.

 கஜா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"இன்னும் கட்டவே இல்ல" என்றான் வரதன். "மென்னு."

கரையில் பேசியது

அவர்கள் என்னைப் படகில் உட்காரவைத்துவிட்டு வலையைத் திரும்பக் கட்டினார்கள். அதற்குள் இறால் ஓட்டம் பாதி போய்விட்டிருந்தது. அன்று வந்த இறாலை ஒரு கூடையின் அடியில் பரப்பினால் அடி தெரிந்தது. அடுத்த பாடு பல வாரங்கள் கழித்துத்தான். யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்றிருந்தது.

பேச்சு எங்களுக்கு முன்பே கரைக்கு வந்துவிட்டது. தூரத்தில் வேறொரு படகில் இருந்தவர்கள், ஏழுமலை தள்ளாடி விழுந்ததையும் தூக்கிப் போட்டதையும் பார்த்திருக்கிறார்கள். தேசம்மாள் இடுப்பளவுத் தண்ணீர்வரை வந்து நின்றாள். பின்னால் நின்ற ஒருத்தி, "பாடுலயே ஊத்திக்கினா எப்டிக்கா?" என்று அவளிடமே கேட்டாள். தேசம்மாள் திரும்பிப் பார்த்த பார்வையில் அவள் நாலடி பின்னால் போனாள்.

ஊர் கூடியது. நான் எழுந்து நின்று, மாத்திரையில் தொடங்கி ஒழுங்காகச் சொல்ல ஆரம்பித்தேன். முன்வரிசையில் ஒருவர், "இவ்ளோ நீளமா சொன்னா பொய்யின்னு அர்த்தம்" என்றார். சிரிப்பு எழுந்தது. என் பெயர் அந்தச் சிரிப்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

வரதன் உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசினான். "அவன் குடிக்கல. கஞ்சி இல்லாம அவன நான் எறக்கிட்டேன். அஞ்சு பேருக்குக் காச்சச் சொன்னது நான். பேர எடுக்கணும்னா என் பேர எடுங்க."

சிரிப்பு நின்றது. வரதன் பெயரை எடுப்பது பற்றிப் பேச அங்கே ஆளில்லை. கூட்டம் வேறு விஷயத்துக்குப் போயிற்று.

மறுநாள் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "வேலை என்னன்னு கேட்டப்ப மீன் பிடிக்கிறதுன்னு மட்டும்தானே சொன்னீங்க? நாள் முழுக்கத் தண்ணியில கழி நடற நாள் வேற, வலை தைக்கிற நாள் வேறன்னு சொல்லலையே" என்றார். மாத்திரை போட்டுக்கொண்டு சோறில்லாமல் உழைத்ததில் உடம்புச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிட்டதாம். மாத்திரையை மாற்றி எழுதினார். கரை நாளில் சுரைக்காய் தொடரலாம்; பாடு நாளில் அளவாகச் சோறு வேண்டும்; பையில் நிஜச் சர்க்கரை இருக்க வேண்டும். சுமதி பக்கத்தில் அமர்ந்து அழுதுகொண்டிருந்தாள். "நாக்கு ஏமாந்தா போதும்னு நெனச்சேன் நைனா" என்றாள். புது விரல் தோலைக் காட்டி, "இது உன்னாலதான்" என்றேன். அதுவும் உண்மைதான்.

அடுத்த முறை

அடுத்த பாடு வந்தது. இந்த முறை குண்டான் எங்கள் வீட்டிலிருந்து. தேசம்மாள் காய்ச்சிய அளவைப் பார்த்து, "ஊருக்கேவா?" என்று கேட்டேன். அவள் மூடியை அழுத்தினாள்.

கரையில் படகு தயாராக இருந்தது. முன்முனையில் மஞ்சள் துணி புதிதாகத் தொங்கியது. நான் விளிம்பில் கைவைத்தபோது வரதன் குறுக்கே வந்து நின்றான். அவன் கையில் ஒரு சொம்புக் கஞ்சி. வழக்கப்படி படகில் போய்க் குடிப்பதுதான். அவன் காத்திருக்கத் தயாராக இல்லை.

"குடி. அப்பறம் ஏறு."

ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. நின்றபடியே குடித்தேன். உப்பும் புளிப்புமாகத் தொண்டையில் இறங்கியது. பல மாதம் கழித்து நிஜச் சோற்றுப் பருக்கை. கண்ணை மூடிக்கொண்டேன்.

"அடி வரிக்கும் குடி மாமா. இந்தவாட்டி அம்மன் வெல்லம் எனுக்கு வோணும்" என்றான் கஜா.

தண்ணீரில் இறங்கினோம். என் கழிகளை நட்டேன். கயிற்றைச் சுற்றி, நுனியை உள்ளே கொடுத்து இழுத்தேன். நின்றது. வரதன் வரிசையாக உலுக்கிக்கொண்டே வந்தான். என் முதல் கழியருகே வந்தவன் சற்றுத் தயங்கி, என் முகத்தைப் பார்க்காமல், "ஏழுமல கட்னதுதான, வுடு" என்று தாண்டப் போனான்.

"வரதா" என்றேன்.

நின்றான்.

"இழுத்துப் பாரு."

அவன் திரும்பி வந்து, இரண்டு கையாலும் பிடித்து, சேற்றில் நட்ட கழியே அசையும்படி இழுத்தான். முடிச்சு பிரியவில்லை. பிறகு என் அடுத்த கழிக்குப் போய் அதையும் இழுத்தான்.